தாத்தா ஒரு கையால் திருப்பிய கார்

"பழைய காருன்னா அப்படித்தான்மா இருக்கும். பவர் ஸ்டியரிங்கா வச்சிருக்கு? கொஞ்சம் பலமாத் திருப்பு."

கடந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வீட்டில் எல்லாரும் எனக்குச் சொன்ன பதில் இது. நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தக் கார் 1965இல் தயாரான மோரிஸ் மைனர். சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்த தாத்தா வாங்கியது. அவர் காலமான பிறகு ஒன்பது ஆண்டுகள் கொட்டகையிலேயே கிடந்தது. நான் போலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிப்பதால், அதை மீண்டும் ஓட வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார் அப்பா. பிரேக்கையும் எரிபொருள் குழாய்களையும் பட்டறையில் சரிசெய்தோம். ஒன்பது ஆண்டுகளில் இறுகிப்போன டயர்களை மாற்றினோம். என்ஜின் ஓடியது. ஸ்டியரிங் மட்டும் அசைய மறுத்தது.

தாமானுக்குள் ஒரு சுற்று வருவதற்குள் தோள் வலித்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கைகளாலும் இழுக்க வேண்டியிருந்தது. வளைந்த பிறகு சக்கரம் தானாக நேராகவும் இல்லை. நானே திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

தீபாவளி காலையில் பாட்டியை அந்தக் காரில் கோயிலுக்கு அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கைவலியைச் சொன்னதும் பாட்டி சிரித்தார். "என்ன கண்ணு சொல்ற? உங்க தாத்தா ஒரு கையை ஜன்னல்ல வச்சுக்கிட்டு, மறு கையாலயே தோட்டத்து வளைவெல்லாம் திருப்புவாரே!"

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பாட்டி சொல்வது உண்மையானால், இது காரின் வயது அல்ல, பழுது.

இலேசான கார், கனமான ஸ்டியரிங்

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948இல் லண்டனில் அறிமுகமான மைனர், ஒரு மில்லியனைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார். எடை 800 கிலோகூட இல்லை. நம் மைவியைவிட இலேசு. டயர்கள் ஒல்லி, ஸ்டியரிங் வளையமோ பெரியது. அதன் தண்டின் முனையில் உள்ள சிறு பற்சக்கரம், பற்கள் கொண்ட ஒரு நீண்ட கம்பியை இடவலமாகத் தள்ளும். அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள டை ராட் சக்கரங்களைத் திருப்பும். இவ்வளவு எளிய அமைப்பு கையை வலிக்கச் செய்யக் காரணமே இல்லை.

அப்படியானால், எங்கே சிக்கல்?

எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாமா என்று கூப்பிடுவோம். கிரீஸ் கன்னுடன் காருக்கு அடியில் நுழையப் போன என்னைத் தடுத்தார். "எங்க இறுக்கம்னு தெரியாம எதுக்கும்மா எல்லாத்துலயும் கிரீஸ் அடிக்கிற? முதல்ல பிரிச்சுப் பாரு."

பாதி பாதியாகத் தேடினோம்

முதலில் முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது என்பது மாமாவின் முதல் சட்டம். சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். இலேசாகியிருந்தால் டயரையும் காற்றழுத்தத்தையும் சந்தேகித்திருக்கலாம். ஆனால் அப்போதும் இறுக்கம்தான்.

அடுத்து, இரண்டு டை ராட்களையும் சக்கரங்களிலிருந்து கழற்றினோம். இப்போது ஸ்டியரிங் இரண்டு விரல்களுக்கே சுழன்றது. பற்கம்பிமீது பழியில்லை! நான் முதலில் அதற்குள்தான் கிரீஸ் அடிக்க நினைத்திருந்தேன். அது கியர் எண்ணெய் கேட்கும் இடம். கிரீஸ் போயிருந்தால் நாளடைவில் கெட்டியாகி, இல்லாத பழுதை நானே உண்டாக்கியிருப்பேன்.

மிஞ்சியவை சக்கரங்கள். வலது சக்கரத்தைக் கையால் திருப்பினேன். சற்று முரண்டு பிடித்துத் திரும்பியது. இடது சக்கரம் அசையவே இல்லை.

மைனரின் முன்சக்கரம் 'ஸ்விவல் பின்' என்ற செங்குத்துத் தண்டில் திரும்புகிறது. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகாணி போல மரைகள் உண்டு. அந்த மரைகளுக்கு அடிக்கடி கிரீஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் எங்கள் காரின் கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. இடப்பக்கக் கீழ் நிப்பிள் முழுதாக அடைத்திருந்தது. புது நிப்பிள் பொருத்தி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே கிரீஸ் அடித்தோம். பழுப்புக் கசடு வழிந்தது. சக்கரம் மெல்லத் திரும்பியது.

நான் துள்ளிக் குதித்தேன். மாமா சிரிக்கவில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டொக்'கென்று சத்தம்.

கழற்றிப் பார்த்தபோது கீழ்மரைகள் தேய்ந்து, கத்தி முனைபோல மெலிந்திருந்தன. காரின் எடையைத் தாங்குவதே அந்த மரைகள்தான். அவை விட்டுப்போனால் ஓடும்போதே சக்கரம் மடிந்து, முன்பக்கம் சாலையில் இடிக்கும். கிரீஸ் அடித்ததும் இறுக்கம் தீர்ந்துவிட்டது என்று அன்றே நிறுத்தியிருந்தால், அந்தச் சக்கரத்தை நம்பித்தான் பாட்டியைக் காரில் ஏற்றியிருப்பேன்.

இறுக்கம் ஒரு செய்தி

மைனருக்கான உதிரிபாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. இரு பக்கத்துக்கும் வரவழைத்து மாற்றினோம். பொருத்தியது பட்டறைக்காரர், நான் உடனிருந்து கற்றுக்கொண்டேன். உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தில் மாணவர் தனியாகக் கைவைக்கக்கூடாது என்பது மாமாவின் இரண்டாவது சட்டம். சக்கரங்களின் நேர்த்தியையும் சரிபார்த்தோம். இதற்குள் தீபாவளி கடந்துவிட்டது. பாட்டி அன்று அப்பாவின் காரில்தான் கோயிலுக்குப் போனார்.

வகுப்பில் பழுதுகண்டறிதல் என்று ஒரு பாடம் உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் அந்தக் கொட்டகையில்தான் புரிந்தது. ஒரு சிக்கலை இரண்டாகப் பிரி. எந்தப் பாதியில் இல்லை என்று உறுதிசெய். மிச்சத்தை மீண்டும் பிரி. கணக்கு வராதபோதும் கணினி நிரல் ஓடாதபோதும் இப்போது அதையே செய்கிறேன். "அது அப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அது எப்போதுமே அப்படித்தான் இருந்ததா என்று முன்பு பார்த்தவர்களிடம் கேட்கிறேன்.

பொங்கலன்று சாலை வரி, காப்புறுதி எல்லாம் முடித்து, பாட்டியை முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். கோயில் வளைவில் கார் இலகுவாகத் திரும்பியது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேரானது.

பாட்டி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா மாதிரி ஒரு கையால திருப்பலாமே கண்ணு?"

"முடியும் பாட்டி," என்றேன். ஆனால் இரண்டு கைகளையும் எடுக்கவில்லை.