உஷார்! வினிகரும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரக்கூடாது

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகரை ஊற்றாதீர்கள். வினிகர் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

"வினிகர்தானே, சமையலுக்குப் போடுறதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். பாட்டிலில் இருப்பது 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். சில்லி சிக்கனுக்கு ஒரு ஸ்பூன் விட்டால் ருசி. ஆனால் பிளீச்சிங் கரைசல் காரத்தன்மையோடு இருக்கும்வரைதான் சாதுவாக இருக்கும். அமிலம் பட்டதும் உள்ளே அடங்கிக் கிடந்த குளோரினை வெளியே விட்டுவிடும். வினிகருக்கே இப்படி என்றால், கழிவறை கழுவ வாங்குகிற ஆசிட்டை அதோடு சேர்த்தால் கேட்கவே வேண்டாம், இன்னும் வேகமாகப் புகையும்.

இந்தத் தப்பை முட்டாள்கள்தான் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். போர் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளைவெள்ளையாகப் படிகிற உப்புக்கறையின் பிடிவாதம். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டால் அந்தக் கறை நிஜமாகவே இளகும். நானும் அப்படித்தான் எடுக்கிறேன். வில்லங்கம் அடுத்த நிமிஷத்தில்தான். கறை பாதி போயிருக்கும், பாதி நிற்கும். கை தானாகவே பக்கத்தில் இருக்கும் பிளீச்சிங் டப்பாவுக்குப் போகும். ஒன்று கறையை எடுக்கும், ஒன்று வெளுக்கும், இரண்டும் சேர்ந்தால் பளிச்சென்று ஆகுமே என்ற கணக்கு.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் ஓர் உணவகம். சமையலறைத் தரையில் அமிலக் கிளீனர் சிந்திக் கிடந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் பிளீச் ஊற்றித் தரையைக் கழுவ வந்தார். பச்சையாக நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிடலாம் என்று முயன்ற மேலாளர் இறந்துபோனார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவ்வளவு பெரிய சமையலறையிலேயே இந்தக் கதி. நாமோ கதவைச் சாத்திக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து தேய்க்கிறவர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். அதுவும் தரையோடுதான் படியும். உச்சியில் சுற்றுகிற எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பி உள்ளே நிற்க முடியாது.

கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் வந்தால் வாளி, பிரஷ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். வருகிற வழியில் கதவைத் திறந்து விடுங்கள், போதும். கண்ணில் எரிச்சல் இருந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சு இழுத்தாலோ நெஞ்சு இறுகினாலோ 108. இன்னொன்று: "இப்ப பரவாயில்லை" என்று படுத்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

உயிர் போகாது, பொருள் போகும் என்கிற ரகத்திலும் சில உண்டு. எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பா கல். வாட்ஸ்அப் குறிப்பு ஒன்றை நம்பி அதில் வினிகரைத் தெளித்தேன். துடைத்துப் பார்த்தால் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தது, இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. கடப்பா, மார்பிள் இரண்டும் சுண்ணாம்புக் குடும்பம். புளிப்பு பட்டால் அரித்துவிடும். மார்பிள் சில்லு பதித்த பழைய மொசைக் தரைக்கும் அதே கதைதான். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வினிகரில் ஊறப்போட்டதை வைத்தால் களிம்பு பிடிக்கும். களிம்பு விஷம் என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும்.

அப்புறம் அந்தப் பேக்கிங் சோடா வித்தை. வினிகரோடு சேர்த்தால் பொங்குவதைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்த பிறகு மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர். கலந்து, பாட்டிலில் ஊற்றி, மூடி போட்டு வேறு வைக்கச் சொல்கிறார்கள்! உள்ளே சேருகிற வாயு மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும்.

இன்றைக்கே குளியலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பிளீச்சிங் டப்பாவும் வினிகர் பாட்டிலும் ஆசிட்டும் ஒரே தட்டில் இருந்தால் பிரித்து வையுங்கள். பழைய குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். குனிந்து தேய்ப்பது அவர். அந்தப் பாட்டில்களில் எச்சரிக்கை பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.