மலை இரவுக்கு எந்தப் பாய்?

மெர்லிமாவ்காரர்களுக்கு லேடாங் மலை (1,276 மீட்டர்) பக்கத்து வீடு மாதிரி. அதன் அடிவாரத்தில் முதன்முறையாகக் கூடாரம் போட்டபோது நான் கொண்டுபோனது பாட்டியின் பழைய பாய். நள்ளிரவில் முதுகு சில்லிட்டு எழுந்தவன், விடியும்வரை தூங்கவில்லை.

உறங்கும் பை இருந்தும் ஏன் குளிர்ந்தது? நாம் படுத்ததும் பையின் அடிப்பகுதி நசுங்கி, கதகதப்பைக் காக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. பிறகு ஈரத்தரை உடற்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பதுதான் பாயின் முதல் வேலை, மென்மை அப்புறம்தான்.

கடையில் 'ஆர் மதிப்பு' என்ற எண்ணைப் பாருங்கள். எண் கூடக்கூடச் சூடு தங்கும். பனியில் படுப்பவர்களுக்கு 4, 5 வேண்டும். நம் காடுகளுக்கு 1 முதல் 2 போதும். 2,187 மீட்டர் உயர தஹான் மலைக்குப் போனாலும் 2 தாங்கும். அதற்கு மேல் காசு கொடுப்பது, மாணவர் பணப்பைக்கு, வீண்.

காற்றடைக்கும் மெத்தை தண்ணீர்ப் புட்டி அளவுக்குச் சுருங்கும், சொகுசாகவும் இருக்கும். ஆனால் ஒரு பிரம்பு முள் போதும், கதை முடிந்தது. வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணமும் பிடிக்கலாம். மடிக்கும் நுரைப் பாய் சுமார் 400 கிராம். ஓட்டை விழுந்தாலும் கவலையில்லை, நனைந்தால் துடைத்துவிடலாம். இடத்தை அடைக்கும் என்பதால் பைக்கு வெளியே கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் நுரைப் பாய்க்கு மாறிவிட்டேன். ஒருக்களித்துப் படுக்கும் என் நண்பனுக்கோ அதில் இடுப்பு வலிக்கிறதாம். ஒட்டுத் துண்டும் பசையுமாகக் காற்று மெத்தையைத்தான் சுமக்கிறான். வாங்குமுன் கடையிலேயே பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.