நாற்காலி தெரியாத குரல்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் இவ்விதழுக்காகப் படம் எடுக்கச் செல்லும்போது அடிக்கடி ஒரு வேண்டுகோளைக் கேட்கிறோம்: "நாற்காலி தெரியாமல் எடுங்கள்." சொல்பவர் சில வேளை பள்ளி மாணவராக இருப்பார், சில வேளை பேரன் பேத்தி கண்ட பெரியவராக இருப்பார். மடியில் சால்வையை விரித்துச் சக்கரங்களை மறைத்துக்கொண்டு, மார்பளவுப் படத்துக்கு முகத்தை நிமிர்த்துவார்கள். அந்த வேண்டுகோளை நாங்கள் மறுத்ததில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வானொலியில் புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகி எங்கள் நினைவுக்கு வருகிறார். கானி பாஸ்வெல் என்பது அவர் பெயர். அவர் நடக்க இயலாதவர். கோடிக்கணக்கானோருக்கு அவர் குரல் தெரியும். சக்கர நாற்காலி தெரியாது.

கானி 1907இல் கன்சாஸ் நகரில் பிறந்தார். வளர்ந்தது ஜாஸ் இசையின் தாய்வீடான நியூ ஆர்லியன்சில். அக்காள் மார்த்தா, தங்கை வெட். மூவருக்கும் முறையான மேலை இசைப் பயிற்சி கிடைத்தது. மார்த்தா பியானோவும், கானி செல்லோவும், வெட் வயலினும் கற்றனர். அந்நகரின் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து காதில் விழுந்தது வேறொரு இசை. அதுவே பின்னர் அவர்களை ஆட்கொண்டது. மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் இசைத்தட்டுகளையும், இத்தாலிய இசைநாடகப் பாடகர் கரூசோவின் இசைத்தட்டுகளையும் கானி ஒருசேரக் கேட்டுப் பயின்றார். கரூசோ எங்கே மூச்சு வாங்குகிறார், ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் செல்கிறார் என்பதை அவர் கூர்ந்து கவனித்தார்.

கானியின் கால்கள் செயலிழந்தது சிறு குழந்தைப் பருவத்தில். இளம்பிள்ளை வாதமே காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வண்டியிலிருந்து விழுந்ததால் நேர்ந்தது என்றும் அக்காலத்தில் சொல்லப்பட்டது. அந்நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் அஞ்சிய காலம் அது என்பதை மனத்தில் கொண்டால், இந்த இரண்டாவது கதை நமக்குப் புதிராகத் தோன்றாது. இன்றும் எங்கள் புறநோயாளர் பிரிவில், நோயின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சுற்றியிருப்பவர்களை ஒருமுறை பார்த்துக்கொள்பவர்கள் உண்டு.

போலியோ வைரஸ் உடலில் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டும் அது தண்டுவடத்தில் உள்ள, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழித்து, மீளாத வாதத்தை உண்டாக்குகிறது. தொடு உணர்வு கெடுவதில்லை. இயக்கம் மட்டும் நின்றுவிடும். எந்தத் தசைகளுக்கு உரிய நரம்பணுக்கள் அழிந்தன என்பதைப் பொறுத்தே ஒருவரின் எதிர்காலம் அமையும். மூச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. கானிக்குக் கால்கள் போயின. மூச்சு முழுமையாக எஞ்சியது. உட்கார்ந்த நிலையிலேயே அந்த மூச்சைக் கொண்டு எதையெல்லாம் செய்ய முடியும் என்பதைக் கண்டறிவதில் அவர் இளமை கழிந்தது.

சகோதரிகள் 1925இல் தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். 1931இல் நியூயார்க் சென்று சி.பி.எஸ். வானொலியில் இடம் பெற்றனர். அன்றைய வானொலி எப்படி இயங்கியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் இசைத்தட்டை ஒலிக்கச் செய்வதைத் தரக்குறைவாகக் கருதின. எல்லாமே நேரடி ஒலிபரப்பு. இசைக்குழுவும் பாடகர்களும் அறிவிப்பாளரும் ஒரே கூடத்தில் கூடியிருப்பார்கள். கடிகார முள் குறித்த இடத்துக்கு வந்ததும் நிகழ்ச்சி தொடங்கிவிடும். குரல் பிசிறினாலும், சொல் மறந்தாலும், இருமல் வந்தாலும் திருத்திக்கொள்ள வழியில்லை. நாட்டின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு இருந்ததால், பல நிகழ்ச்சிகளை ஒரே இரவில் இரண்டு முறை நிகழ்த்தினர்.

மைக் வருவதற்கு முன் மேடைப் பாடகர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நின்று முழங்க வேண்டியிருந்தது. மைக் வந்தபின் காதருகே பேசுவதுபோல் மெல்லப் பாடலாம் என்றாயிற்று. பாஸ்வெல் சகோதரிகள் இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டனர். மூன்று குரல்களும் நெருங்கி ஒன்றாகி, ஒரே கருவி ஒலிப்பதுபோல் இழைந்தன. பாடலின் நடுவே தாளத்தை மாற்றினர், வேகத்தை மாற்றினர், சொற்களைக் கூடக் குலைத்துப் பாடினர். மெட்டைக் கெடுக்கிறார்கள் என்று சினந்து கடிதம் எழுதிய நேயர்களும் உண்டு. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் தாம் எதைக் கேட்டோம் என்பதை உணரவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம். சில ஆண்டுகளில் நாட்டையே ஆட்கொள்ளவிருந்த ஸ்விங் இசையின் துள்ளல் அதில் முன்கூட்டியே ஒலித்தது. ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது: இந்த இசையை உருவாக்கிய கறுப்பினப் பாடகியருக்கு அந்த வானொலிக் கதவுகள் இவ்வளவு எளிதில் திறக்கவில்லை.

வானொலியில் கானி நிற்கிறாரா, அமர்ந்திருக்கிறாரா என்ற கேள்வி எழவே இல்லை. மேடையும் திரைப்படமும் அப்படியல்ல. மார்த்தா பியானோவில் அமர, மற்ற இருவரும் அருகே அமர்ந்து பாடும் காட்சியமைப்பு அவர்களுக்கு வழக்கமாயிற்று. பார்ப்பவருக்கு அது மூன்று சகோதரிகளின் நெருக்கமாகத் தெரியும். நெருக்கம் உண்மைதான், ஆயினும் அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. கானியைத் தூக்கிச் சென்று இருக்கையில் அமர்த்துவதும் நிகழ்ச்சிக்கு முன் நடந்தேறும் வேலையாக இருந்தது. இவ்விதழைப் படிக்கும் பராமரிப்பாளர்களுக்கு அந்த வேலையின் எடை என்ன என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

1936இல் அந்தக் குழு கலைந்தது. மணவாழ்வில் புகுந்த மார்த்தாவும் வெட்டும் பாடுவதை விட்டனர். குழந்தைப் பருவம் முதல் இருபுறமும் இருந்தவர்கள் இல்லாமல், இருபத்தெட்டு வயதில் கானி தனியாக மேடையேறினார். நீண்ட கவுன் நாற்காலியை மறைத்துத் தரைவரை விரிந்திருக்கும்; கூட்டத்தில் பலருக்கு அவர் நிற்பதுபோலவே தோன்றும். அந்த ஆண்டுகளில்தான் அவர் ஸ்விங் இசையின் முன்னணித் தனிப்பாடகியானார். 1937இல் பாப் கிராஸ்பியின் குழுவுடன், 'மார்த்தா' என்ற பழைய இசைநாடகத்தின் பாடலொன்றை ஸ்விங் நடையில் பாடிப் பதிவு செய்தார். பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சியிலும் பின்னர் தொடர்ந்து பாடினார்.

அவருடைய குரலைக் கேட்டவர்களில் நியூயார்க்கின் ஏழைச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். 1934 நவம்பரில் அப்போலோ அரங்கின் புதுமுகப் போட்டிக்கு ஆடுவதற்காகச் சென்ற அவள், மேடையில் மனம் மாறிப் பாடினாள், கானியைப் போலவே பாட முயன்றாள், வென்றாள். அவர்தான் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். கானியே தமக்கு முன்மாதிரி என்பதை அவர் பிற்காலத்தில் பலமுறை நன்றியுடன் கூறியிருக்கிறார்.

நாற்காலியை மறைத்தவர் கானி மட்டுமல்லர். அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டும் இதே நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவரும் வானொலியின் வழியாகவே வீடுதோறும் பேசினார். சக்கர நாற்காலியில் அவரைப் படமெடுப்பதைப் பத்திரிகைகள் பெரும்பாலும் தவிர்த்தன. 1938இல் இளம்பிள்ளை வாத ஒழிப்புக்கென அவர் ஒரு தேசிய அறக்கட்டளையை நிறுவினார். அதே ஆண்டு கானியும் பிங் கிராஸ்பியும் சேர்ந்து பாடிய இசைத்தட்டு ஒன்றின் வருவாய் அந்த அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய சிறு கொடைகள் பல்கித்தான் 1955இல் சால்க் தடுப்பூசி வெளிவந்தது. 2014இல் நம் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது வரை அந்தத் தொடர் நீள்கிறது.

1945 மார்ச்சில் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவாறே உரையாற்றினார். கால்களைச் சுற்றிப் பத்துப் பவுண்டு எஃகைச் சுமப்பதைவிட இது எளிது என்று வெளிப்படையாகவே சொல்லி, அமர்ந்து பேசுவதற்குப் பொறுத்தருளக் கேட்டார். அடுத்த மாதம் அவர் மறைந்தார். இத்தனை ஆண்டுகள் சுமந்தபின் அதைச் சொல்ல அவருக்குச் சில நொடிகளே ஆயின.

கானி அந்நாட்களில் போரில் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைகளில் பாடிக்கொண்டிருந்தார். கால் இழந்து கிடந்தவர்கள் முன்னிலையில் அந்த நீண்ட கவுன் எதை மறைத்திருக்க முடியும்? எங்களைக் கேட்டால், அவர் பாடிய மேடைகளிலெல்லாம் உயர்ந்தவை அந்த வார்டுகளே. 1976இல் புற்றுநோயால் அவர் காலமானார்.

அக்கால நேரடி ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை காற்றோடு போயின. விளம்பரதாரருக்காகவோ ஆவணத்துக்காகவோ, மெழுகரக்கு போன்ற பூச்சிட்ட அலுமினியத் தட்டுகளில் பதிந்தவை மட்டும் எஞ்சின. பூச்சு உரிந்தால் குரலும் உரிந்துவிடும். அப்படித் தப்பிய சிலவற்றில், அறிவிப்பாளர் பெயர் சொன்னதும் கானி மூச்சு வாங்கித் தொடங்குவதை இன்றும் கேட்கலாம்.

வாசகர்களில் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டவர்கள் இருப்பீர்கள். பல பத்தாண்டுகள் நிலையாக இருந்த தசைகளில் புதிதாகப் பலவீனமோ, மிகுந்த களைப்போ, வலியோ, படுத்திருக்கும்போது மூச்சுத் திணறலோ தோன்றினால், வயதின் விளைவு என்று விட்டுவிடாதீர்கள். போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி என ஒன்று உண்டு. சிறுவயது நோயைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவுமீறிய உடற்பயிற்சி இதில் தீங்கு செய்யக்கூடும்; எவ்வளவு, எப்படி என்பதை இயன்முறை மருத்துவரே வகுக்க வேண்டும்.

படம் எடுக்க வரும்போது, நாற்காலி தெரியலாமா என்று இனி நாங்களே முதலில் கேட்கவிருக்கிறோம். வேண்டாம் என்றால் மார்பளவுப் படம்தான். சால்வையை நாங்களே கொண்டுவருவோம்.