கம்ப்ரசரில் காற்றுக் கசிவு: கண்டறிவது எப்படி?

ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைந்தவுடன், கிணற்றை மேலும் ஆழப்படுத்தப் பலர் முற்படுகின்றனர். கம்ப்ரசர் மூலம் நீர் இறைப்போர் அதற்கு முன் காற்றுக் கசிவு உள்ளதா என்று பார்ப்பது அவசியம். சில ரூபாய் வாஷரில் தீர வேண்டிய குறைக்குப் பெரும் பணம் செலவாவதை இதனால் தவிர்க்கலாம்.

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வீட்டுத் தோட்டங்களுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, நிலத்தடி நீரின் அருமையை நகர மக்கள் நன்கு உணர்ந்தனர். கிண்டி, வேளச்சேரி போன்ற பாறைப்பாங்கான இடங்களில் ஊற்று குறைந்த கிணறுகளுக்குக் கம்ப்ரசர் ஏற்றது. கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லாததே காரணம். கோவை மாவட்ட விவசாயிகளும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

இயங்கும் விதம்

காற்றுக் குழாய் வழியே கிணற்றின் அடிக்குச் செல்லும் காற்று நீருடன் கலக்கிறது. குமிழிகள் கலந்த நீர் எடை குறைந்து மேலே எழும்புகிறது. குழாயின் முனை நீருக்குள் 10 மீட்டர் மூழ்கியிருந்தால், காற்றை வெளித்தள்ள ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தேவை. 30 மீட்டர் மூழ்கியிருந்தால் 3 கிலோ தேவை.

முதல் சோதனை

முதலில் பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காற்றுத் தொட்டியின் வெளிவால்வை மூடிக் கம்ப்ரசரை ஓட்டி, வழக்கமான அழுத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றால் தொட்டியில் குறையில்லை. முள் இறங்கினால், இணைப்புகள், வடிகால் குழாய், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால், கசியும் இடத்தில் நுரை பொங்கும். நின்ற இயந்திரத்தின் காற்று வடிகட்டியில் சீறல் கேட்டால், திரும்பா வால்வு சரியாக அமரவில்லை என்று பொருள்.

ஓடும்போது வடிகட்டி வழியே காற்று திரும்பி வந்தால் உறிஞ்சு வால்வின் தகடு பழுது. எண்ணெய் அறையின் சுவாசக் குழாயில் புகையும் காற்றும் அதிகம் வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. வாகனப் பட்டறைக் கம்ப்ரசருக்கும் இச்சோதனைகள் பொருந்தும்.

கிணற்றுக்குள் கசிவு

கம்ப்ரசர் நன்றாக இருந்தும் நீர் வராவிட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றில் எடை கட்டி நீர்மட்டத்தை அளக்க வேண்டும். உதாரணமாக, காற்றுக் குழாய் 60 மீட்டர் ஆழம், நீர்மட்டம் 30 மீட்டர் எனக் கொள்வோம். ஓட்டும்போது அழுத்தம் 3 கிலோவை எட்டிய பின் நீர் வர வேண்டும். 1.5 கிலோவிலேயே முள் நின்று, கிணற்றுக்குள் காற்றின் இரைச்சல் கேட்டால், நீர்மட்டத்திற்குக் கீழே சுமார் 15 மீட்டரில், அதாவது 45 மீட்டர் ஆழத்தில், குழாய் விட்டிருக்கலாம். மாறாக, நீர்மட்டமே 50 மீட்டருக்குத் தாழ்ந்திருந்தால் 1 கிலோவிலேயே காற்று வெளியேறும். நீர் விட்டுவிட்டு வரும். அப்போது பழுது இயந்திரத்தில் இல்லை. தமிழகத்தில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பைச் சீர் செய்வதே தக்க வழி.

எச்சரிக்கை

அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் முடுக்கக் கூடாது. கசிவைக் கையாலோ முகத்தாலோ சோதிக்கக் கூடாது. பாதுகாப்பு வால்வை அடைப்பதும், துருப்பிடித்துக் கசியும் தொட்டிக்கு ஒட்டுப் போடுவதும் உயிருக்கு ஆபத்து. அத்தகைய தொட்டியை மாற்றிவிட வேண்டும். தினமும் தொட்டியின் அடியில் சேரும் நீரை வடித்தால் துரு குறையும்.

இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தையும், நீர் வரத் தொடங்கும் அழுத்தத்தையும், நீர்மட்டத்தையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் குறை கண்டால் ஒப்பிட்டுப் பார்க்க அக்குறிப்பு உதவும்.