உங்களுக்குத் தெரியுமா? சூசை, யூசுப், வளன்: ஒரே பேர்தான்!

காரைக்கால் கோவில்பத்துக்குத் தேவாரத்தில் பேர் திருத்தெளிச்சேரி. பார்வதீசுவரரைச் சம்பந்தர் பாடிய தலம் இதுதான். ஊருக்கே இரண்டு பேர் இருக்கிற இடத்தில், ஒரு மனிதப் பேருக்கு ஐந்தாறு வடிவம் இருந்தால் என்ன? மாதா கோவில் பக்கம் சூசை, பள்ளிவாசல் பக்கம் யூசுப், பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஜோசப், தரங்கம்பாடி லுத்தரன் வீடுகளில் யோசேப்பு, பிரெஞ்சுக்காரர் வாயில் ழொசேஃப், தமிழ்ப்பற்று கூடிய வீட்டில் வளன். எல்லாம் யோசேஃப் என்கிற ஒரே எபிரேயப் பேர்.

★

பொருள்? ‘அவர் இன்னும் கூட்டித் தரட்டும்’. ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் அக்காள்மேல் பொறாமைப்பட்ட ராகேல், முதல் மகன் பிறந்ததும் இன்னொரு மகனும் வேண்டும் என்று கேட்டு வைத்த பேர் இது. ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர் அதைத் தொடக்கநூல் என்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பம்! அதே இடத்தில், தன் அவமானத்தைக் கடவுள் எடுத்துப்போட்டார் என்றும் சொல்கிறாள். ‘எடுத்துப்போட்டார்’ என்பதற்கு எபிரேயத்தில் ஆசஃப். ‘கூட்டித் தரட்டும்’ என்பது யோசேஃப். கழித்தலும் கூட்டலும் அடுத்தடுத்த மூச்சில் வருகின்றன.

கேட்டது கிடைத்தது. ஆனால் அந்த இரண்டாம் பிரசவத்திலேயே ராகேல் வழியில் இறந்துபோனாள். உயிர் போகும் நேரத்தில் அவள் வைத்த பேர் பெனோனி, துக்கத்தின் மகன். அந்தப் பேரோடு பிள்ளை வளரவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, தகப்பன் யாக்கோபு அதை மாற்றி பென்யமீன் ஆக்கினார்.

★

அந்தத் தம்பியின் பேரைத் திருக்குர்ஆன் சொல்வதே இல்லை. யூசுபின் சகோதரர் என்பதோடு சரி. ஆனாலும் நம் பக்கம் முஸ்லிம் வீடுகளில் புன்யாமீன் என்று பேர் வைக்கிறார்கள். சுலைகா கதையும் இதேதான். யூசுபை மயக்கப் பார்த்த எகிப்து அதிகாரியின் மனைவிக்குக் குர்ஆனிலும் பேர் இல்லை, பைபிளிலும் இல்லை. பின்னால் வந்த கதை மரபு வைத்த பேர்தான் சுலைகா.

★

குர்ஆனின் 12ஆவது அத்தியாயத்துக்கு யூசுப் என்றே பேர், 111 வசனங்கள். ஒரு நபியின் கதையைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஓட்டமாகச் சொல்லும் அத்தியாயம் இது. அண்ணன்மார் அவரை விற்ற விலை பைபிளில் 20 வெள்ளிக்காசு. குர்ஆனில் எண்ணிக்கை இல்லை, சொற்பமான சில திர்ஹம் என்று மட்டும் இருக்கும்.

★

மரியாளின் கணவர் யோசேப்பு நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தேடிப் பாருங்கள், கிடைக்காது. தூங்குவார், கனவு காண்பார், எழுந்து சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆளைத் தலைவனாக வைத்து 3,615 பாட்டில் ஒரு காப்பியம் எழுந்தது தமிழில்தான்! 1726இல் வீரமாமுனிவர் முடித்த தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம். ‘கூட்டித் தருதல்’ என்ற எபிரேயப் பொருளைப் பிடித்துக்கொண்டு, கதைத்தலைவனுக்கு ‘வளன்’ என்று அவர் பேர் வைத்தார். ஒலியை இழுத்துவந்து தமிழாக்குவது எளிது. பொருளைத் தமிழாக்குவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இத்தனைக்கும் அது அவருடைய சொந்தப் பேரும்கூட: கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. ஜுசெப்பே என்பது இத்தாலியச் சூசை.

★

அப்படியானால் சூசை எங்கிருந்து வந்தது? போர்த்துக்கீசிய ழொசே நம் கடற்கரை வாயில் புரண்டு சூசை ஆனது. கூட ஒரு ‘அப்பர்’ சேர்ந்ததும் சூசையப்பர்.

★

பழைய ஏற்பாட்டு யோசேப்பின் தகப்பன் பேர் யாக்கோபு. மத்தேயு எழுதிய வம்ச வரிசைப்படி மரியாளின் கணவர் யோசேப்புக்கும் தகப்பன் பேர் யாக்கோபுதான் (லூக்கா வேறு பேர் சொல்கிறார்). இரண்டு பேருமே கனவுக்காரர்கள். இரண்டு பேருமே எகிப்துக்குப் போனவர்கள். ஒருவர் அடிமையாக, இன்னொருவர் கைக்குழந்தையோடு ஏரோதுக்குப் பயந்து. மத்தேயு தெரிந்தேதான் இப்படிக் கோத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. யாக்கோபும் நம் ஊரில் பல உருவம் எடுத்தவர்தான்: முஸ்லிம்களுக்கு யாகூப், கத்தோலிக்கருக்குச் சந்தியாகு. சந்தியாகு என்பது ‘புனித யாகு’ என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சந்தியாகோ.

★

பைபிளில் இன்னும் சில யோசேப்புகள் உண்டு. இயேசுவைத் தன் கல்லறையில் அடக்கம் செய்த அரிமத்தியா ஊர்க்காரர் ஒருவர். பவுலோடு ஊர் ஊராகப் போன பர்னபா இன்னொருவர். சைப்ரஸ் தீவில் பிறந்த அவரது இயற்பெயர் யோசேப்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூதாசின் காலியிடத்துக்கு நின்று, சீட்டுக் குலுக்கலில் மத்தியாவிடம் இடத்தை விட்ட பர்சபாவும் யோசேப்பே.

★

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. மூன்று வருஷம் கழித்துப் புதுச்சேரிக்குக் கவர்னராக வந்த துய்ப்ளேக்ஸின் முழுப்பேர் ழொசேஃப் பிரான்சுவா துய்ப்ளேக்ஸ்.

★

திருச்சியின் தூய வளனார் கல்லூரி முதலில் திருச்சியில் இல்லை. 1844இல் காரைக்காலுக்குத் தெற்கே, பக்கத்து நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல்தான் திருச்சிக்கு மாறியது. அப்துல் கலாம் இயற்பியல் படித்து 1954இல் வெளியேறியது அங்கிருந்துதான். அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி காரைக்காலைவிட்டுப் பிரெஞ்சு ஆட்சி வெளியேறியது.

★

பஞ்சத்தில் எகிப்து நிலங்களைப் பார்வோன் பேருக்கு வாங்கிப்போட்ட யோசேப்பு, பயிரிட்டவர்களுக்கு ஒரு சட்டம் வைத்தார்: விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு, நாலு பங்கு உழுதவனுக்கு. நம் காவிரி டெல்டாவில் வாரத்துக்கு நிலம் எடுத்து உழுத பழைய ஆட்களிடம் இதைச் சொன்னால், அந்தப் பார்வோன் இருக்கும் ஊருக்கு வழி கேட்பார்கள்.

★

மார்ச் 19 சூசையப்பர் திருநாள் என்பது எல்லோருக்கும் தெரியும். மே 1ஆம் தேதியும் அவருக்குத்தான். தொழிலாளர் தினத்தன்று ‘தொழிலாளர் சூசை’ விழாவை 1955இல் ஏற்படுத்தியவர் போப் பன்னிரண்டாம் பயஸ்.

★

30 வயதில் எகிப்தின் அதிகாரியான யோசேப்புக்குப் பார்வோன் ஒரு புதுப்பேர் வைத்தார்: சாப்நாத்பன்னேயா. அரசாங்கமே வைத்த பேர்தான். ஆனாலும் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை.