நாற்பது இறாத்தல் வித்தியாசம்

"கெட்டிக்காரன் என்றால் யாரையும் வெல்லலாம்தானே, எடைப் பிரிவு எதற்கு?" குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த வாதம் ஓயாது. ஒரு பிரிவின் சம்பியனை இன்னொரு பிரிவின் சம்பியனோடு கற்பனையில் மோதவிட்டுக் கொண்டே இருப்பார்கள்.

நிஜமாகவே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1972 நவம்பர் 21ஆம் திகதி, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நமக்கெல்லாம் தெரிந்த முஹம்மத் அலியை எதிர்த்து நின்றார் பொப் பொஸ்டர். அலி முன்னாள் உலக பார எடைச் சம்பியன். பொஸ்டரோ அன்று அதற்கு ஒரு படி கீழே இருந்த, 175 இறாத்தலை உச்சமாகக் கொண்ட பிரிவின் நடப்புச் சம்பியன். உயரம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எடையில்தான் பேதம்: அலி 221 இறாத்தல், பொஸ்டர் 180.

பொஸ்டர் இலேசுப்பட்டவரல்லர். தொழில்முறைப் போட்டிகளில் அலியின் முகத்தை முதன்முதலாகக் கிழித்தவர் அவரே. இடது கண்ணுக்கு மேலே இரத்தம் வந்தது. ஆனாலும் என்ன? பொஸ்டர் திரும்பத் திரும்ப விழுந்தார். எட்டாம் சுற்றோடு ஆட்டம் முடிந்தது.

குத்தில் வருவது கை மாத்திரமல்ல, முழு உடம்பின் பாரமும்தான். கட்டிப்பிடித்து நிற்கும்போதும் பாரமானவர் மேலே சாய்ந்தே மற்றவரைக் களைக்க வைத்துவிடுவார்.

1985இல் மைக்கல் ஸ்பிங்ஸ் அதே பிரிவிலிருந்து ஏறிவந்து பார எடைச் சம்பியன் லரி ஹோம்ஸைப் புள்ளிகளால் வென்றது உண்மை. அதற்காக அவர் தன் உடம்பை 200 இறாத்தலுக்கு ஏற்றியிருந்தார்.

பொஸ்டர் தன் பிரிவுக்கே திரும்பினார். 1974இல் ஓய்வு பெறும் வரை அங்கே அவரை யாரும் வீழ்த்தவில்லை.