உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள் இன்னொரு சமையலறை கட்ட அனுமதி உண்டா?

● அமெரிக்காவில் மனை நம் பெயரில் இருந்தாலும், அதில் வீடா கடையா, எத்தனை அடி உயரம், எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்பதை உள்ளூர் நிர்வாகத்தின் ‘சோனிங்’ விதிகள்தான் தீர்மானிக்கின்றன. நகரம் முழுவதற்குமான விதிகளை முதலில் கொண்டுவந்தது நியூயார்க், ஆண்டு 1916.

● இந்த விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-ல் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றது, கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்லிட் என்ற சின்ன ஊர். தனி வீடுகள் உள்ள பகுதியில் எழும் அடுக்குமாடியை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணி என்றே குறிப்பிட்டது. வாடகைக் குடியிருப்போரை எத்தனை மட்டமாகப் பார்த்த வார்த்தை அது!

● வாஷிங்டனை ஒட்டிய புறநகர்ப் பகுதி, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (மாவட்டம்). மக்கள்தொகை 11 லட்சத்துக்கும் மேல். அங்கே 1978-ல் எழுதிய விதிப் புத்தகம்தான் 40 ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. அவ்வப்போது திருத்தம் போட்டுப் போட்டுப் புத்தகம் தடித்ததே தவிர, சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ளும்படி இல்லை. 2021-ல் அதை எளிய நடையில், அட்டவணைகளோடு முழுதாகத் திருத்தி எழுதினார்கள்.

● அதில் மிகுந்த சர்ச்சையைக் கிளப்பியது ஒரு சமையலறை விஷயம். வீட்டின் ஒரு பகுதியைத் தனிச் சமையலறையோடு இன்னொரு குடித்தனமாக்க வேண்டுமானால், பழைய விதிப்படி அந்த வீட்டில் 55 வயது நிரம்பியவரோ மாற்றுத்திறனாளியோ இருந்தாக வேண்டும். பொது விசாரணையும் நடக்கும். புதிய விதி வீட்டுக்குள்ளேயே அமையும் குடித்தனத்துக்கு இந்த இரண்டையும் எடுத்துவிட்டது. உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும், படுக்கையறை இரண்டுக்கு மேல் கூடாது என்ற வரம்புகள் உண்டு. அனுமதியை அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வாடகை எகிறிக் கிடக்கும் ஊரில் வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கும் ஒண்டிக்கொள்ள இடம் கிடைக்கும். நல்ல மாற்றம். தெருவில் கார்கள் பெருகும் என்று அக்கம்பக்கத்தார் கவலைப்பட்டதும் நியாயம்தான்.



● ஃபேர்ஃபாக்ஸ் விதிகள் நிறைவேறிய நாள் 2021 மார்ச் 23. கொரோனா காலம் என்பதால் கூட்டம் இணையவழியில் நடந்தது. குடியிருப்பாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 மார்ச் 23 அன்று, வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் மொத்த விதித் தொகுப்பும் செல்லாது என்றது. நோய்த்தொற்றுக் காலத்தில் இணையக் கூட்டத்துக்குத் தந்த சலுகை, நிர்வாகம் தடைபடாமல் நடக்கத் தேவையான வேலைகளுக்கு மட்டுமே. இந்த விதித் தொகுப்பை நிறைவேற்றியது அந்த வகையில் சேராது என்பது தீர்ப்பு. கவுண்டி அதே ஆண்டு மே மாதம் பொது விசாரணை வைத்து மறுபடி நிறைவேற்றியது. விதிகள் நல்லவை, ஆனாலும் நீதிமன்றம் செய்ததே சரி. வீடு வாசலைத் தொடும் சட்டத்தை மக்கள் நேரில் வந்து பேசக்கூடிய கூட்டத்தில்தான் நிறைவேற்ற வேண்டும்.